பள்ளி என்னும் சொல்லும் பாழ்பட்ட விகாரங்களும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

எனது ஊர் நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் வட்டத்தைச் சார்ந்த சேரங்கோடு. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரிலிருந்து சிறிது தொலைவு மேற்கே சென்றால் கேரள நாட்டு வயநாட்டின் எல்லை வந்துவிடும். ஆகலின் எங்கள் மலையில் தமிழும் மலையாளமும் ஒரே பாதையில் எதிர்ப்பட்டு நலம் விசாரித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாதையில் நிற்பவன் ஒரு சொல்லைப் பலர் வாயிலும் பல பொருளிற் கேட்கலாம். மலையாளக் கிறிஸ்தவர் தமது கோயிலைப் பள்ளி என்பர். இஸ்லாமியர் தமது தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என்பர். எங்கள் சிறுவரோ மறுநாட் காலையிற் புத்தகப் பையுடன் செல்லவேண்டிய இடத்தை நினைந்து, பள்ளிக்கூடம் என்று பெருமூச்சு விடுவர். இம்மூவரும் வழங்கும் அச்சொல்லை முதன்முதல் தமக்குரியதாக வைத்திருந்தவர் இம்மூவரும் அல்லர் என்பதை யான் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன். அவ்வறிவு என்னைக் காவிரிப்பூம்பட்டினத்துக்கும் நாகபட்டினத்துக்கும் இட்டுச் சென்றது. அங்குக் கண்டவற்றையும், அவை பற்றிக் கற்றவற்றையும் நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

சொல்லின் வரலாறு

பள்ளி என்பதற்குப் படுக்கை, உறக்கம் என்பன பழைய பொருள்கள். அரசர் உறங்குமிடம் பள்ளியறை. திருமால் துயிலுங் கோலம் பள்ளிகொண்ட கோலம். வீடும் உடைமையும் துறந்த சமண பௌத்த முனிவர் மலைக்குகைகளிற் கல்லையே படுக்கையாகக் கொண்டு வைகினர். பாண்டிநாட்டு மலைகள் பலவற்றில் அக்கற்படுக்கைகளை இன்றும் காணலாம். மதுரையை அடுத்த மாங்குளத்தில், தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பெற்ற பழங் கல்வெட்டிலே, துறவியர் உறைவிடம் 'பளிய்' என்று குறிக்கப்படுகின்றது. இங்ஙனம் படுக்கையைக் குறித்த சொல் துறவியர் தங்குமிடத்துக்கு ஆயிற்று. துறவியர் தங்கிய இடத்திலேயே ஊர்ச் சிறுவர் எழுத்தும் எண்ணும் கற்றமையின், அது பின்னர்க் கல்வி கற்கும் இடத்துக்கும் ஆயிற்று என்பர் அறிஞர். சமண பௌத்தக் கோயில்களுக்கு அரசர் விட்ட இறையிலி நிலத்துக்குச் சோழர் காலத்திற் பள்ளிச்சந்தம் என்பது பெயர். பார்ப்பனருக்கு விட்டது பிரமதேயம். சிவன் கோயில், திருமால் கோயில்களுக்கு விட்டது தேவதானம். மூன்று பெயரும் ஒரே அரசின் கணக்கில் வேறுவேறாக எழுதப்பட்டன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பள்ளி என்று முடியும் ஊர்ப்பெயரெல்லாம் பௌத்தர் ஊர் என்று துணிதல் பிழை. தெலுங்கிற் பல்லி என்பதும் கன்னடத்தில் ஹள்ளி என்பதும் சிற்றூரையே குறிக்கும். தமிழிலும் அச்சொல்லுக்குச் சிற்றூர் என்னும் பொருள் உண்டு. ஓர் ஊரின் பெயரை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோன், மண்ணையும் கல்லையும் கேட்டபின்னரே முடிவு கூறல் வேண்டும். அவற்றைக் கேட்கவே எங்கள் வகுப்பார் பதின்மர், சென்ற தை மாதத்தில், ஆசிரியர் ஒருவருடன் சோழநாட்டுக் கடற்கரைக்குப் புறப்பட்டோம்.

காவிரிப்பூம்பட்டினத்துப் பள்ளி

மயிலாடுதுறையில் இரயிலைவிட்டு இறங்கி, பேருந்தேறி, வயல்களுக்கிடையே செல்லும் சாலை வழியே மேலையூரை அடைந்தோம். பல்லவனீச்சுரம் என்னும் சிவன்கோயிலுக்கு அணித்தே, இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1960-களில் அகழ்ந்து கண்ட பௌத்த விகாரத்தின் அடித்தளம் உளது. மணிமேகலையைப் பலமுறை ஓதிய யாங்கள், பெரியதொரு கட்டடத்தை எதிர்பார்த்தோம் போலும். கண்டதோ முழந்தாள் உயரத்தளவு நிற்கும் செங்கற் சுவர்களே. எங்களுள் ஒருவன், "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

ஆசிரியர் சினந்திலர். "ஒவ்வோர் அறையிலும் ஒருவராகச் சென்று உட்காருங்கள்" என்றார். அங்ஙனமே செய்தோம். அப்பொழுதுதான் அவ்விடத்தின் அமைப்பு விளங்கலாயிற்று. சதுரமான சிற்றறைகள் ஒரு வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் முன்னே எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தாழ்வாரம் ஓடுகின்றது. ஒருவர் படுக்கவும் அமர்ந்து ஓதவும் போதிய இடமே அறையில் உண்டு. பொருள் சேர்த்து வைக்க இடமில்லை. பிக்கு தனிமையில் இருக்கவேண்டிய பொழுதில் அறையினுள் இருப்பான். கூடி ஓதவும் வழிபடவும் வேண்டிய பொழுதில் தாழ்வாரத்துக்கு வருவான். பக்கத்தே புத்தர் கோயில் ஒன்று இருந்ததற்கும் அடையாளங்கள் உள. இந்தியா எங்கணும், நாலந்தை முதலிய பெரு விகாரங்களிலுங்கூட, இவ்வமைப்பே விரிந்து காணப்படுகின்றது. ஆங்கே நடுவில் ஒரு முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், அதன் பின்னே அறைகள். மழைக்காலத்து மூன்று திங்களும் பிக்குகள் ஊர்ஊராகத் திரியாமல் ஓரிடத்தே தங்கவேண்டும் என்பது புத்தர் வகுத்த விதி. அவ்விதியினின்றே நிலையான விகாரங்கள் எழுந்தன. எங்கள் மலையில் ஆனி ஆடி மாதங்களிற் பெய்யும் மழையை நினைந்தபொழுது, அவ்விதியின் பொருத்தம் எனக்கு நன்கு விளங்கிற்று.

இவ்விகாரம் கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டினது என்று ஆய்வாளர் கணிப்பர். இங்கே சுண்ணாம்புக் கல்லிற் செதுக்கிய புத்தரின் திருவடித் தடம் ஒன்றும், பொன்முலாம் பூசிய சிறு வெண்கலப் புத்தர் உருவம் ஒன்றும் கிடைத்தன. திருவடிக் கல்லில் மங்கலச் சின்னங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மணிமேகலையைக் கற்றோர்க்கு உவவனத்துப் பளிக்கறையும், மணிபல்லவத்துப் பாதபீடிகையும் உடனே நினைவுக்கு வரும். எங்களுள் சிலர், 'காப்பியம் கூறிய பீடிகை கிடைத்துவிட்டது' என்று மகிழ்ந்தனர். ஆசிரியரோ அவ்வளவு விரைதல் ஆகாது என்றார். காப்பியம் கூறுவது பழம்பிறப்பை உணர்த்தும் தெய்வப் பீடிகை; மண் தந்தது அடியார் மலரிட்டு வணங்கிய கல். இரண்டும் ஒன்றென நிறுவுவதற்குச் சான்றில்லை. ஆயினும் திருவடியை வணங்கும் வழக்கம் அந்நகரத்தே உண்மையாக இருந்தது என்பதற்குக் கல் சான்று. அவ்வழக்கத்தின் உள்ளம் எத்தகையது என்பதற்குக் காப்பியம் சான்று. ஒன்றை மற்றொன்றாக மயங்காமல் இரண்டையும் பயன்படுத்தவேண்டும் என்பதே அன்று யாங்கள் கற்ற முதற் பாடம்.

இந்நகரத்துப் பள்ளிகள் வெறும் உறைவிடங்கள் அல்ல என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. சோழநாட்டவராகிய புத்ததத்த தேரர் ஐந்தாம் நூற்றாண்டினர். பாலிமொழியில் அபிதம்மாவதாரம், விநயவிநிச்சயம் முதலிய நூல்களை இயற்றியவர். அவற்றுள் முன்னையதைக் காவிரிப்பட்டினத்திலும் பின்னையதைப் பூதமங்கலத்திலும் இருந்து எழுதினார். அந்நூல்கள் இலங்கையிலும் பர்மாவிலும் நெடுங்காலம் பயிலப்பட்டன. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்தனர் என்று எழுதினார். பதினோராம் நூற்றாண்டிலும் தமிழ்ப் பௌத்தம் வறண்டுவிடவில்லை. வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் என்னும் இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தரே. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியோ சில செய்யுட்களளவில் எஞ்சி, மேலையூர்ச் சுவர்களைப் போலவே அடித்தளமாய் நிற்கின்றது. உ. வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்திராவிடின் அதன் நிலையும் என்னவாயிருக்குமோ! சைவராகிய அவர், பௌத்த நூலை அச்சிடுவதற்காகப் பௌத்த சமயக் கொள்கைகளை முயன்று கற்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

நாகபட்டினத்துச் சூடாமணி விகாரம்

மறுநாள் நாகபட்டினம் சென்றோம். ஆண்டுக் காண்பதற்கு இடிந்த சுவர்தானும் இல்லை. ஆயினும் யாங்கள் நெடுநேரம் தங்கிய இடம் அதுவே. அதன் வரலாற்றைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர குலத்துச் சூளாமணிவர்மன், தன் நாட்டு வணிகரும் யாத்திரிகரும் வந்திறங்கும் நாகபட்டினத்தில் ஒரு விகாரம் எடுக்கத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை நிறைவேற்றினான். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன், தனது இருபத்தோராம் ஆட்சியாண்டாகிய 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக விட்டான். நிலம் ஏறத்தாழ 97 வேலி. ஆண்டுதோறும் வரும் நெல் 8,943 கலத்துக்குச் சற்று மிகுதி. சிவபாதசேகரன் என்னும் பெயர்பூண்ட வேந்தன் புத்தர் பள்ளிக்கு இத்துணைப் பெருங்கொடை அளித்தான் என்பதை 21 செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அவற்றுள் ஐந்து வடமொழியின; பதினாறு தமிழின. அக்கொடையை உறுதிப்படுத்திச் செப்பேட்டிற் பொறிப்பித்தவன் அவன் மகன் இராசேந்திரன். பிற்காலத்தில் அவை டச்சுக்காரர் வழியே கடல்கடந்து ஹாலந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால், பெரிய லெய்டன் செப்பேடுகள் என்று ஆராய்ச்சியாளரால் வழங்கப்பட்டன.

இதனினும் வியப்பு ஒன்று உண்டு. அவ்விராசேந்திரனே 1025 அளவில் கப்பற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். வென்ற நாட்டு மன்னன் எடுத்த பள்ளிதானே என்று அதனை அழித்திலன். 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதுவர் வேண்டுகோட்கு இணங்கி, நாகபட்டினத்துப் பள்ளிகளின் நிலங்களுக்கு உரிய வரிநீக்கங்களை மீண்டும் எழுதிக்கொடுத்தான். சிறிய லெய்டன் செப்பேடுகள் எனப்படும் மூன்று ஏடுகளில் இது காணப்படும். அரசர்தம் போர் அரசரோடு நின்றது. பள்ளி நிலத்தின் நெல் பள்ளிக்கே சென்றது.

பதினான்காம் நூற்றாண்டின் சீன நூலாசிரியர் வாங் தாயுவான், இக்கடற்கரையில் ஒரு செங்கற் கோபுரம் உளதென்றும், அது 1267-இல் முடிந்ததாகச் சீன எழுத்திற் பொறித்திருந்தது என்றும் எழுதினார். இது நாகபட்டினத்தையே குறிக்கும் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். 1476 அளவில் பர்மாவிலிருந்து இலங்கை சென்று மீண்ட பிக்குகள் சிலர், கலஞ் சிதைந்து கால்நடையாக நாகபட்டினம் போந்து, அங்குப் பழைய விகாரம் இருந்த இடத்தைக் கண்டு வழிபட்டனர் என்று பெகு நகரத்துக் கல்யாணிக் கல்வெட்டுக் கூறும். ஆகவே விகாரத்தின் வாழ்வு அக்காலத்தே முடிந்திருந்தது. எனினும் நகருக்கு வடபால் ஒரு கோபுரம் மட்டும் தனித்து நின்றது. ஐரோப்பியர் அதனைச் சீனக் கோபுரம் என்றனர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். மரக்கலம் செலுத்துவோர்க்கு அது கரைகாட்டும் அடையாளமாயிற்று.

1846-இல் அதனை நேரிற் கண்ட சர் வால்டர் எலியட், அதன் தோற்றத்தை விளங்க எழுதி வைத்துள்ளார். நாற்பக்கமும் மூன்று நிலையும் உடையது. சாந்து இன்றியே செங்கற்கள் நெருங்கப் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாயில் உடையது. உள்ளே உச்சிவரை வெறுமையானது. இவ்வளவும் இன்று நாம் அறிவது அவர் எழுதிவைத்தமையாலேயே.

இடித்தவர் யார்?

இனிக் கூறுவதே இக்கட்டுரையில் எனக்கு அரிய பகுதி. அக்கோபுரம் இடியாலும் வெள்ளத்தாலும் அழியவில்லை. அதனை அடுத்துக் கல்லூரி நடத்திவந்த இயேசு சபைக் குருமார், அதனை இடித்து அச்செங்கற்களைத் தம் கட்டட வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ள அரசாங்கத்தின் உத்தரவை வேண்டினர். 1867-இல் சென்னை அரசாங்கம் உத்தரவு தந்தது, கோபுரம் இடிக்கப்பட்டது. சீன நூல் கூறிய 1267 அக்கோபுரத்துக்கே உரியதாயின், சரியாக 600 ஆண்டு நின்றது வீழ்ந்தது என்க. 1844-இல் நாகபட்டினத்தில் தொடங்கிய அக்கல்லூரி, கோபுரம் இடிக்கப்பட்ட பதினாறாம் ஆண்டாகிய 1883-இல் அவ்வூரை விட்டே பெயர்ந்தது. பெயர்ந்து சென்ற ஊர் திருச்சிராப்பள்ளி. அவ்வூர்ப் பெயரிலும் பள்ளி உண்டு. அவ்வூர் மலையிலும் துறவியரின் கற்படுக்கைகள் உண்டு.

அன்றிரவு தங்குமிடத்தில் எங்களுக்குள் பெருவழக்கு எழுந்தது. நண்பன் ஒருவன், "கிறிஸ்தவக் கல்லூரி மலரில், கிறிஸ்தவ மாணவன், கிறிஸ்தவக் குருமாரின் குறையை எழுதலாமோ? நம்மை விரும்பாதார் இதனை எடுத்துக்கொண்டு நம்மை இகழ இடமாகாதோ?" என்றான். மற்றொருவன், "அது வேறு சபையார் செய்தது, நமக்கு அதில் என்ன?" என்றான். மூன்றாமவன், "அவர்கள் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள்" என்றான்.

மூன்றாமவன் கூறியதில் உண்மை உண்டு. 1850-களில் இலாகூருக்கும் முல்தானுக்கும் இருப்புப்பாதை இட்டவர்கள், ஹரப்பாவின் செங்கற்களைச் சரளையாகப் பாவினர். அமராவதித் தூபத்தின் பளிங்கனைய கற்கள் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் சென்றன. இந்தியாவில் தொல்பொருள் ஆய்வுக்கெனத் துறை தோன்றியதே 1861-இல். பழஞ் சின்னங்களைக் காக்கும் சட்டம் பிறந்ததோ 1904-இல். உரோமாபுரியின் பேரரங்கத்துக் கற்கள் எத்தனையோ மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் சென்றன. ஆகவே நாகபட்டினத்துக் குருமார் தம் காலத்தாரினும் கொடியர் அல்லர். சிதைந்து நின்ற ஒரு கோபுரத்தின் செங்கல், பிள்ளைகள் படிக்கும் கூடத்துக்கு உதவட்டும் என்றே அவர்கள் எண்ணியிருக்கக் கூடும்.

ஆனால் இவ்விடையால் என் மனம் அமைதியுறவில்லை. அக்காலத்திலேயே எலியட் அக்கோபுரத்தின் அருமையை உணர்ந்தார் அல்லரோ? கண் இருந்தவர் ஒருவர் இருந்தார் எனின், காணுதல் இயலாத காலம் என்று கூறல் பொருந்துமோ? அதுவுமன்றி, கோபுரம் வீழ்வதற்குப் பதினோராண்டு முன்னரே, 1856-இல், அக்குருமாரின் வேலையாட்கள் அருகிலிருந்த பெரியதோர் இலுப்பை மரத்தை வெட்டி அகழ்ந்தபொழுது, வேரின் கீழே ஐந்து உருவங்கள் கிடைத்தன. அவை புத்தர் உருவங்கள் எனப் பின்னர் அறியப்பட்டது. யாரோ ஒரு பிக்கு, ஏதோ ஓர் அச்சம் நேர்ந்த நாளில், மீண்டு வந்து எடுப்போம் என்னும் நம்பிக்கையோடு மண்ணிற் புதைத்து வைத்தவை போலும். அதன்பின் 1930-கள் வரையில் அந்நகரத்து மண் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்களைத் தந்தது. அவற்றுட் பலவற்றைச் சென்னை எழும்பூர் அரும்பொருட் காட்சியகம் காத்துவருகின்றது; டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து 1954-இல் நூல் வெளியிட்டார்.

பிற சமயத்தாரும் இத்தகைய செயல்களைச் செய்தனர் என்று பட்டியலிட்டு ஆறுதல் பெறவும் யான் விரும்பிற்றிலேன். எருசலேம் தேவாலயம் இடிந்ததை நினைந்து அழும் புலம்பல் என்னும் நூல் நம் வேதத்திலேயே உளது. ஒரு திருவிடம் அழிவது எத்தகைய துயர் என்பதை அந்நூல் வாயிலாகச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நாம், பிறர் திருவிடம் அழிந்ததை மட்டும் செங்கற் கணக்காகப் பார்த்தல் தகுமோ?

முடிவில் ஆசிரியரிடமே கேட்டோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, "எழுதுக. ஆண்டும் பெயரும் பிழையாமல் எழுதுக. அவர்கள் செய்த நன்மையையும் மறையாமல் எழுதுக" என்றார். ஆதலின் இதனையும் எழுதுகின்றேன்: நாகபட்டினத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் அக்குருமார் கல்வி புகட்டிய பிள்ளைகள் பல்லாயிரவர்; தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றில் அவர்தம் தொண்டு அழியாதது. இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் துடைத்தல் வரலாறு ஆகாது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்' எழுதினார். 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' எழுதினார். ஒரே கையால் இரண்டையும் எழுத இயலும் என்பதற்கு அவரே நமக்கு வழிகாட்டி.

அப்பாயி கூறியது

இவ்வளவும் எனக்கு ஏட்டளவில் நின்றிருக்கக் கூடும். நில்லாமைக்குக் காரணம் என் அப்பாயி. எங்கள் குடும்பம் கண்டிச் சீமையிலிருந்து வந்தது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோர்க்கு வேலையளிக்கவே நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. அங்ஙனம் சேரங்கோட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தவர் என் பாட்டனார். அப்பாயி இன்றும் பேசுவது அந்நாட்டைப் பற்றியே. பௌர்ணமி நாளில் சிங்களப் பெண்கள் வெள்ளை உடுத்து, தாமரையும் அலரியும் ஏந்தி விகாரைக்குச் செல்வதைத் தோட்டத்து மேட்டிலிருந்து பார்ப்பாராம்.

யான் பயணத்துக்குப் புறப்படுமுன் தொலைபேசியில், "பழைய புத்தர் கோயில் பார்க்கப் போகிறோம், அப்பாயி" என்றேன். "இடிஞ்சு கிடந்தாலும் சாமி இருந்த இடம், ராசா. செருப்பைக் கழற்றிட்டுப் போ" என்றார். அதனால் மேலையூரில் யான் மட்டும் வெறுங்காலுடன் நின்றேன். நண்பர்கள் நகைத்தனர்; பின்னர்ச் சிலர் தாமும் கழற்றினர்.

திரும்பி ஊர் சென்றபொழுது, நாகபட்டினத்துக் கோபுரத்தின் கதையை அப்பாயிக்குக் கூறினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், யான் அதுவரை கேளாத ஒன்றைச் சொன்னார். என் பாட்டனாரின் பெற்றோர் கண்டிச் சீமைத் தோட்டத்துச் சிறு கோயிலின் பின்னே அடக்கம் செய்யப்பட்டவர்கள். எங்கள் குடும்பம் புறப்பட்டபின் அத்தோட்டத்துக் கிறிஸ்தவர் ஏறக்குறைய எல்லாரும் பெயர்ந்துவிட்டனர். சில ஆண்டுகளுக்கு முன் அங்குச் சென்று மீண்ட உறவினர் ஒருவர், கோயிலின் கூரை போய்விட்டது என்றும், ஆனால் கல்லறைகளின் மேல் வளரும் புல்லைப் பக்கத்து ஊர்ச் சிங்களக் கிழவர் ஒருவர் ஆண்டுதோறும் செதுக்கி வருகின்றார் என்றும் கூறினாராம். "அவங்க சாமி வேற, இருந்தாலும் நம்ம ஆளுங்க கிடக்கிற இடத்தைப் பார்த்துக்கிறாரு" என்று சொல்லி அப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் வயல்களிலும் குளக்கரைகளிலும் மரத்தடிகளிலும் இன்னும் புத்தர் சிலைகள் தனித்து வீற்றிருக்கின்றன. சில ஊர்களில் அவற்றின் பெயரே மறைந்து, வேறு பெயரால் விளக்கேற்றப்படுகின்றன. நம் கல்லூரி மாணவர் பல மாவட்டத்தினின்றும் வருகின்றனர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தத்தம் ஊர்ப் புறத்தே இத்தகைய சிலையோ, பழஞ் செங்கல் மேடோ, கற்படுக்கையோ உளதாயின் அதனைக் கண்டு, இருக்கும் இடத்தையும் அளவையும் ஊரார் வழங்கும் பெயரையும் ஒரு தாளில் எழுதி, தமிழ்த் துறைக்குக் கொணர்ந்து தருவாராயின் அதுவே பெருந்தொண்டாகும். அசைத்தலும் அகழ்தலும் நம் வேலையல்ல. எழுதி வைத்தலே நம் வேலை. எலியட் எழுதியிராவிடின் புதுவெளிக் கோபுரத்துக்கு வாயில் எத்தனை என்பதும் நமக்குத் தெரிந்திராது.

வரும் சித்திரை விடுமுறையில் யான் எங்கள் மலையில் தொடங்குவேன். வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் பழைய சமணக் கோயில் ஒன்று உளது. அதன் அமைப்பை அளந்து எழுதிவரக் கருதியுள்ளேன். உடன்வர விரும்பும் அன்பர்கள் சேரங்கோட்டில் எங்கள் இல்லத்தில் தங்கலாம். வாயிலில் அப்பாயி இருப்பார். புறப்படுமுன் செருப்பைப் பற்றிச் சொல்லித்தான் அனுப்புவார்.